உங்கினேக்கை வீட்டுப் பிள்ளை

நான் வேகமாக ரைப் பண்ணுவேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். பல்கலைக்கழகம் முடித்தேன். பட்டமளிப்புக்கு வாடகைக் கவுன் போட்டுப் படம் எடுத்தேன். அம்மா அந்தப் படத்தை ஹோலில் கொழுவினார். அதோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருக்க, நான் மானிப்பாயில் ஒரு கொமினிகேசன் கடையில் இருந்து அடுத்தவர்களின் காணி உறுதியையும் கலியாணக் கார்ட்டையும் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு ஊர் தள்ளி. காலையில் சைக்கிள், பின்னேரம் சைக்கிள், இடையில் கீபோர்ட். வாழ்க்கை இவ்வளவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அப்போதே போட்டிருப்பேன்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் ஒரு அன்ரி வந்தார். எழுபது வயது மதிக்கலாம். மெலிந்த உடம்பு, வெள்ளைப் பருத்திச் சேலை. கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் பழைய துணியில் சுற்றிய ஒரு புத்தகம். அட்டை இல்லை. முதல் பக்கமும் இல்லை.

"அப்பாவின்ரை கதையள்," என்றார். "திரும்ப அடிக்கப்போறன். சென்னையிலை ஒரு பதிப்பகம் ஓம் எண்டிட்டுது. கொம்பியூட்டரிலை அடிச்சு அனுப்பட்டாம்."

கடைக்கார அண்ணை என்னைக் காட்டினார். "உவள் அடிப்பாள் அன்ரி. நல்ல ஸ்பீட். ஒருநாளைக்குப் பொலிஸ் வந்து உவளின்ரை விரலுக்கு ரிக்கற் எழுதப்போறான்."

"புத்தகத்தை விட்டிட்டுப் போகமாட்டன். பிள்ளை வீட்டை வந்துதான் அடிக்கவேணும்."

"வருவாள், வருவாள். வேறை என்ன வேலை உவளுக்கு?"

அண்ணை அதைச் சொன்ன விதத்துக்கு நான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் அந்தப் பழுப்புத் தாளில் ஒரு வரியைப் பார்த்துவிட்டேன். அது எந்தப் புத்தகம் என்று தெரிந்துவிட்டது. அதன் நடுவில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைக்குள் எங்கள் குடும்பம் இருக்கிறது. ஐம்பது வருசமாக இருக்கிறது. வெளியே வர வழி கிடைக்கவில்லை.

அதைச் சொல்வதற்கு முதல் ஒரு சொல்லைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இங்கே, அங்கே என்ற இரண்டும் போதாது. நடுவில் உங்கே என்று ஒன்று வேண்டும். இவனும் இல்லை, அவனும் இல்லை, உவன். அந்த வரிசையில் வந்ததுதான் 'உங்கினேக்கை'. நீ நிற்கிற பக்கமாக, எங்கேயோ, கிட்டத்தான், ஆனால் சரியாக எங்கே என்று என்னைக் கேட்காதே. இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். வழி சொல்ல விருப்பம் இல்லாதவர்களுக்காகவே எங்கள் மூதாதையர் கண்டுபிடித்தது என்று நினைக்கிறேன்.

கதை இதுதான். வெயிலில் இரண்டு பேர் சைக்கிளில் வந்து, ஒழுங்கை வாய்க்காலுக்கு மேல் கட்டின மதவில் குந்தியிருக்கும் ஒருவரிடம் இன்னாருடைய வீடு எது என்று கேட்கிறார்கள். "உங்கினேக்கைதான்," என்கிறார் அவர். அவர்கள் ஒழுங்கையைச் சுற்றுகிறார்கள், கோயிலைச் சுற்றுகிறார்கள், குளத்தைச் சுற்றுகிறார்கள், திரும்ப மதவுக்கே வருகிறார்கள். "உங்கினேக்கைதான்." மறுபடி சுற்று. சமைக்கிற வாசம் மதவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் இருந்து வருகிறது. மூன்றாவது சுற்றில் தந்திச் சேவகன் வந்து மதவில் இருப்பவரிடம் ஒரு தந்தியைக் கொடுத்து, பெயரைச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறான். தேடின ஆள் அவரேதான். இரண்டு பேர் விருந்துக்கு வருகிறார்கள் என்று தந்தியில் இருக்கிறது. அவர் அதை வாசித்துவிட்டு, நாக்கு வறண்டு நிற்கும் அந்த இரண்டு பேரையும் பார்த்துச் சொல்கிறார்: "ஆரோ வருகினமாம். உங்கினேக்கை எங்கையாவது நிப்பினம்."

நல்ல கதை. அதுதான் பிரச்சினையே. கெட்ட கதையாக இருந்திருந்தால் ஒரு வருசத்தில் ஊர் மறந்திருக்கும்.

மதவில் இருந்தவர் என் அப்பப்பா. நான் பிறக்க முதலே செத்துப்போனவர். கதை பேப்பரில் வந்த கிழமையே ஊருக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவர் 'உங்கினேக்கையர்' ஆனார். அப்பா 'உங்கினேக்கையின்ரை மகன்'. நான் பிறந்தபோது என் பெயர் என்ன என்று கேட்க முதலே எனக்கு ஒரு பெயர் இருந்தது. எங்களூரில் பட்டம் ஒட்டினால் அது தோல் மாதிரி. உரித்தால் இரத்தம்தான் வரும். கஞ்சக் குடும்பம், வந்தவனுக்கு வீட்டை ஒளிக்கிற குடும்பம் என்பது அதன் பொருள்.

அதனால் எங்கள் வீடு அந்தக் கதைக்கு எதிராக நடத்தப்பட்டது. மீட்டர் பார்க்க வருபவருக்கு அம்மா ரீ கொடுப்பார், வாழைப்பழம் கொடுப்பார், மத்தியானம் என்றால் சோறே கொடுப்பார். அந்த மனிதர் இப்போது எங்கள் ஒழுங்கைக்கு வெறும் வயிற்றோடுதான் வருகிறார். அப்பா தபால்காரர் வேலைக்குப் போனதே எல்லா வீட்டையும் தெரிந்து வைத்திருக்கத்தான் என்று அம்மா சொல்வார். அப்பாவிடம் யாராவது வழி கேட்டால் போச்சு. வாயால் சொல்லமாட்டார், இறங்கிக் கூடவே போய்ப் படலையைத் தட்டி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். ஒருமுறை ஒரு லொறிக்காரர் காங்கேசன்துறைக்குப் பாதை கேட்டதற்கு, அப்பா தன் சைக்கிளை லொறியில் ஏற்றிக்கொண்டு துறைமுகம் வரை போனார். திரும்பி மிதித்து வந்து சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அந்தச் சொல் வீட்டில் தடை. சீனிப் போத்தல் எங்கே என்று கேட்டால், குசினிக்குள்ளே, மேல்தட்டில், இடப்பக்கம், உப்புக்குப் பக்கத்தில் என்று முழு விலாசமும் வரும்.

வெளியில் என்ன தடை? பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினத்துக்கு அந்தக் கதையை நாடகமாகப் போட்டார்கள். மதவுக்காரர் வேசத்துக்கு என்னைத்தான் பிடித்தார்கள். "நீ நடியடி. உனக்கு ஒத்திகை தேவையில்லை," என்றார் ரீச்சர். எனக்கு மீசை வரைந்தார்கள். முதல் பரிசு கிடைத்தது. கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். கம்பஸில் அதை நவீனப்படுத்தினார்கள். அங்கே என் பெயர் ஜீபிஎஸ்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அந்தப் புத்தகத்தை அடிக்கச் சொல்லி அன்ரி கேட்டார். மாட்டேன் என்றிருக்கலாம். ஓம் என்றேன். எதிரியின் வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்கிற ஆசை யாருக்குத்தான் இல்லை?

எழுத்தாளர் கதை எழுதின அறை குளியலறை அளவுதான். ஒரு மேசை, ஒரு கதிரை, கம்பி போட்ட ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே மதில். என் லாப்டொப்பை வைத்தால் புத்தகம் வைக்க இடம் இல்லை. அன்ரி வாசலில் ஒரு வாங்கில் இருந்து, நான் அடிக்க அடிக்கத் தகப்பனின் சீவியத்தைச் சொல்வார். சென்னைக்காரர்கள் கதைகளோடு ஒரு வாழ்க்கைக் குறிப்பும் கேட்டிருந்தார்கள்.

"அப்பா கச்சேரியிலை கிளாக்கர். அரசாங்கப் போம்களின்ரை பின்பக்கத்திலைதான் எழுதுவார். வீட்டிலை சிரிக்கமாட்டார் பிள்ளை. எங்களுக்கு அவர் பகிடி எழுதுறவர் எண்டதே பேப்பரைப் பாத்துத்தான் தெரியும்."

"ஊர் அவரைப் பாத்துச் சிரிச்சிருக்கும்தானே அன்ரி?"

"சிரிச்சது ஆரம்பத்திலை. பேந்து பயந்தது. அப்பா ரீக்கடைக்குள்ளை போனால் கதைக்கிறவை எல்லாம் வாயை மூடிப்போடுவினம். கலியாண வீட்டிலை அவருக்குப் பக்கத்துக் கதிரை ரண்டும் வெறுமை. செத்தவீட்டிலை கூட ஒப்பாரி சொல்லுறவை குரலைக் குறைச்சுப்போடுவினம், எழுதிப்போடுவார் எண்டு."

"பேந்து என்னெண்டு எழுதினவர்?"

"பஸ் ஏறிப் போவார். சீமெந்துத் தொழிற்சாலை ஓடின காலம், காங்கேசன்துறைச் சந்தியிலை ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கை ஆருக்கும் அவரைத் தெரியாது. ஒரு மூலையிலை இருந்து மற்றவை கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருந்திட்டு, கடைசி பஸ்ஸிலை வருவார். பேந்து அங்கையும் ஆரோ அடையாளம் கண்டிட்டினம். அதோடை எழுத்தும் நிண்டிட்டுது."

நான் அடிப்பதை நிறுத்திவிட்டு மதிலைப் பார்த்தேன். ஊரையெல்லாம் தாளில் பிடித்துப் போட்ட மனிதர், கடைசியில் இந்த மதிலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு இரக்கம் வந்தது. அது பிடிக்கவில்லை. வேகமாக அடித்தேன்.

மூன்றாவது கதை ஒரு பெண் புட்டு அவித்த கதை. புட்டு கல்லாகிப் போகிறது. வீட்டுக்காரர்கள் அதை மதிலில் விழுந்த ஓட்டைக்கு வைத்து அடைக்கிறார்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"புட்டுக் கதையே?" என்றார் அன்ரி வாங்கில் இருந்து.

"ஓம் அன்ரி. சூப்பர்."

"அது நான்தான்," என்றார். "எனக்கு அப்ப பதினெட்டு வயசு. அதுக்குப் பேந்து பொம்பிளை பாக்க வந்தவை எல்லாம் முதல் கேக்கிறது, புட்டு இருக்கோ எண்டு. பகிடிக்குத்தான். வந்து, கேட்டு, சிரிச்சு, பலகாரம் சாப்பிட்டிட்டுப் போவினம்."

அவர் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வாய் நீளம்தான், ஆனால் அவ்வளவு நீளம் இல்லை.

மதவுக் கதை வந்தபோது இரண்டு மூன்று தாளைச் சேர்த்துப் புரட்டி, அதற்கு அடுத்த கதையை அடிக்கத் தொடங்கினேன். சும்மா ஒரு முயற்சி. அன்ரிக்கு எல்லாம் மனப்பாடம்.

"பிள்ளை, உங்கினேக்கைக் கதை அடிச்சாச்சோ?"

"இல்லை அன்ரி. பக்கம் ஒட்டிக்கொண்டிட்டுது."

"மெல்லமாப் பிரி. கிழிச்சுப்போடாதை. உதைத்தான் எல்லாரும் தேடுவினம்."

பிரித்தேன். அடித்தேன். என் அப்பப்பாவை என் பத்து விரலாலும் மறுபடி அந்த மதவில் கொண்டுபோய் இருத்தினேன். வேகமாக அடிப்பதில் ஒரு நன்மை, எழுத்துத்தான் தெரியும், சொல் தெரியாது.

எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பிழை பார்த்த பிடிஎப் வந்தது. அந்த நேரம் அன்ரிக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வாசிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"நீ பாத்தால் காணும் பிள்ளை," என்றார். "எனக்கு நம்பிக்கை."

வீட்டில் போய்த் திறந்தேன். சென்னையில் பிழை பார்த்தவர் யார் என்று தெரியாது. நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும். 'உவன்' என்று வந்த இடமெல்லாம் என் விரல் வழுக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு 'இவன்' ஆக்கியிருந்தார். 'ஓம்' என்று யாராவது சொன்னால், கோயில் வாசலில் இருக்கிற மாதிரி ஒற்றை எழுத்தாக்கி விட்டிருந்தார். கள்ளுக்கொட்டிலில் இருக்கிற குடிகாரர்கள் எல்லாம் பிரணவம் ஓதிக்கொண்டிருந்தார்கள். வயிறு நோகச் சிரித்தேன். பிறகு மதவுக் கதைக்கு வந்தேன்.

தலைப்பு: 'உங்களுக்கே'.

சைக்கிளில் வந்தவர்கள் இன்னாருடைய வீடு எது என்று கேட்கிறார்கள். மதவில் இருப்பவர் சொல்கிறார்: "உங்களுக்கேதான்." அவர்கள் கோயிலைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். "உங்களுக்கேதான்." தந்தி வருகிறது. "ஆரோ வருகினமாம். உங்களுக்கே எங்கையாவது நிப்பினம்."

ஒரு சொல்லும் விளங்காது. பகிடியும் இல்லை. கஞ்சன் இல்லை. கஞ்சன் என்ன, கதைக்குள் ஒரு மனிதனே இல்லை. ஐம்பது வருசம் எங்கள் குடும்பத்தால் செய்ய முடியாததை, யாரென்று தெரியாத ஒருவர் ஒரு நிமிசத்தில் செய்து முடித்திருந்தார்.

லாப்டொப்பை அப்பாவிடம் கொண்டுபோனேன். அப்பா பென்சன் எடுத்து வீட்டில் இருந்தார். கண்ணாடியைப் போட்டு, முழுவதையும் வாசித்தார். எங்கள் வீட்டில் அந்தக் கதையை அவர் வாசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உதென்ன உங்களுக்கே?"

"சென்னைக்காரருக்குச் சொல் விளங்கேல்லை அப்பா. மாத்திப்போட்டினம். நான் திருத்திச் சொன்னால் சரியா வரும். சொல்லாட்டில் உப்பிடியே அச்சாகும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்பப்பா கஞ்சனில்லை, தெரியுமோ உனக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொன்னதில்லையே.

"அவர் கொழும்புத்துறை. கலியாணம் கட்டித்தான் இஞ்சை வந்தவர். இது அப்பம்மாவின்ரை சீதன வீடு. அப்ப மாமனார் உயிரோடை, உள்ளுக்கை சாய்மனைக் கதிரையிலை இருக்கிறார். கச்சேரியிலை இருந்து ரண்டு பேர் வந்து, அப்பப்பாவின்ரை பேரைச் சொல்லி, அவரின்ரை வீடு எது எண்டு கேட்டவை. அவரின்ரை பேரிலை ஏது வீடு? மாமனாரின்ரை காது கேக்க 'இதுதான் என்ரை வீடு' எண்டு சொல்ல அந்தாளுக்கு வாய் வரேல்லை. உங்கினேக்கைதான் எண்டிட்டார்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். சுத்தினதும் இல்லை, தந்தியும் இல்லை. கொஞ்சத்தாலை அப்பம்மா படலைக்கு வந்து கூப்பிட்டவ. ரண்டு பேரும் வந்து இருந்து, வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுத்தான் போனவை. அதிலை ஒராள்தான் உந்தக் கதை எழுதினவர்."

குசினியில் அம்மா எதையோ போட்டு உருட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக் கை தேய்ந்த மனுசி. கதை எழுதின அந்தாளுக்கும் இந்த வீட்டில் சோறு போட்டிருக்கிறார்கள்.

"என்ன செய்ய அப்பா?"

"விடு பிள்ளை. ஆரோ ஒருத்தன் தன்பாட்டிலை ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறான். நாங்கள் ஏன் குழப்புவான்?"

மற்றக் கதைகள் எல்லாவற்றிலும் உவனை மீட்டேன். குடிகாரர்களை ஓதுவதில் இருந்து விடுவித்தேன். அன்ரியின் புட்டுக் கதையில் ஒரு புள்ளி கூட விடாமல் பார்த்தேன். மதவுக் கதையை மட்டும் தொடவில்லை. 'எல்லாம் சரி' என்று எழுதி அனுப்பினேன். சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று இரண்டு தரம் பல் தீட்டினேன், ஏனென்று தெரியவில்லை.

வெளியீட்டு விழா மானிப்பாயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், எழுத்தாளரின் சீவியத்தைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பையே வாசித்தார்கள். அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கதை செத்துப்போனதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று. கடைசி வரிசையில் இருந்தோம்.

கடைசியாக ஓய்வுபெற்ற ஒரு அதிபர் மேடைக்கு வந்தார். பழைய நாடகக்காரராம். புத்தகத்தில் இருந்து ஒரு கதை வாசிக்கப்போவதாகச் சொன்னார். எந்தக் கதை என்று கேட்கவே தேவையில்லை. பக்கத்தைத் தேடி எடுத்தார். கண்ணாடியைத் தூக்கினார். தலைப்பைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார். திரும்பத் தலைப்பைப் பார்த்தார்.

"உதென்ன கோதாரி இது?" என்றார் மைக்கில். புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். கண்ணை மூடினார்.

"வெயில் எண்டால் வெயில்," என்று தொடங்கினார். அவ்வளவும் மனப்பாடம். ஒரு சொல் பிசகவில்லை. முதலாவது தரம் அந்தச் சொல் வந்தபோது முன்வரிசை சிரித்தது. இரண்டாவது தரம் அவர் சொல்லவே இல்லை, கையை மட்டும் சனத்தின் பக்கம் நீட்டினார். மண்டபம் முழுக்கச் சேர்ந்து கத்தியது: "உங்கினேக்கைதான்!" பெரிய ஆட்கள், பொடியள், தாய்மாரின் மடியில் இருந்த சின்னஞ்சிறுசுகள் கூட. அதுகள் இந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தொடையில் தட்டினார். "உது உண்மையா நடந்தது, தெரியுமே ஐயா? அந்தக் குடும்பம் இப்பவும் இருக்காம்."

"அப்பிடியே?" என்றார் அப்பா.

அப்பாவும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கிறவனைத்தான் சனம் திரும்பிப் பார்க்கும். அது அவருக்கு ஐம்பது வருசமாகத் தெரியும். அந்தச் சிரிப்பு அவ்வளவு பழகின சிரிப்பு. அதற்கு முதல் எத்தனை இடத்தில் அவர் அப்படிச் சிரித்திருப்பார் என்று நினைக்க, எழும்பி வெளியே ஓடவேண்டும் போல் இருந்தது. வரிசையின் மறுமுனை வரை ஆட்கள். ஓட வழி இல்லை.

அடுத்த நாள் அன்ரி கூப்பிட்டனுப்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மடியில் புதுப் புத்தகம்.

"உவன், உவள், உவை எல்லாம் வடிவா வந்திருக்கு. புட்டுக் கதையிலை ஒரு பிழை இல்லை," என்றார். "உந்த ஒரு கதையிலை மட்டும் எல்லாம் பிழை. அதெப்பிடி பிள்ளை?"

பொய் ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தேன். கடைசி பைல் மாறிப்போனது, நெற் கட்டாகிவிட்டது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"நான் அந்த வீடு அன்ரி. மதவிலை இருந்தவர் என்ரை அப்பப்பா."

அன்ரி புத்தகத்தில் அந்தக் கதையைத் தேடித் திறந்தார்.

"அவர் கஞ்சனில்லை. உங்கடை அப்பா எங்கடை வீட்டிலை சாப்பிட்டவர். அதை ஏன் அவர் எழுதேல்லை?"

"சாப்பிட்டது எனக்குத் தெரியும்," என்றார். "சுறா வறை. அப்பிடியொரு வறை பேந்து சாப்பிடேல்லை எண்டு கனநாள் சொல்லிக்கொண்டிருந்தவர்."

"பேந்தேன்?"

"சாப்பாடு போட்டவையெண்டு எழுதினால் பகிடி எங்கை பிள்ளை?"

என் காது சூடானது. கெட்ட வார்த்தை இரண்டு நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"அப்ப கீழை ஒரு குறிப்பாவது போடுவம். இது உண்மையிலை இப்பிடித்தான் நடந்தது எண்டு. நாலு வரி. நானே அடிக்கிறன்."

அன்ரி புத்தகத்தை மூடினார். "நானும் கேட்டனான். அப்பாவிட்டை. புட்டு அண்டைக்கு மாப் பிழை, என்ரை கைப் பிழை இல்லை எண்டு கீழை ஒரு வரி போடுங்கோ எண்டு. போடேல்லை. அவர் செத்தபிறகு இப்ப புத்தகம் என்ரை கையிலை. நான் போட்டிருக்கலாம். வெட்டியும் இருக்கலாம். மூண்டாவது கதையை நான் வெட்டினனானே?"

"உங்களுக்கு அவர் அப்பா."

"ஓம். உனக்கு ஆர் எண்டு எனக்குத் தெரியேல்லை," என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "ஒரு பிழைதிருத்தத் துண்டு அடிச்சுத் தா. எல்லாப் புத்தகத்திலையும் ஒட்டவேணும். நீதான் ஒட்டவேணும்."

அன்று பின்னேரமே அடித்தேன். சின்ன எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். வயசு போனவர்களுக்குத் தெரியாது, பெரிதாக்கு என்றார் அன்ரி. பெரிதாக்கினேன். வெளியூர்க்காரருக்கு விளங்காது, கறுப்பாக்கு என்றார். கறுப்பாக்கினேன். வேகமாக அடிக்கிற எனக்கு அந்த ஒரு துண்டுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

பிழைதிருத்தம். இக்கதையில் 'உங்களுக்கே' என வரும் இடமெல்லாம் 'உங்கினேக்கை' எனத் திருத்தி வாசிக்கவும்.

கதைக்குள்ளேயே திருத்தியிருந்தால் அது மற்றச் சொற்களோடு சொல்லாகப் போயிருக்கும். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கிறவன் கண்ணில் முதல் படுவது அதுதான், தனியாக, வெள்ளைத் தாளில், கொட்டை எழுத்தில். இதைச் செய்து முடித்தது ஊர் இல்லை, எழுத்தாளரும் இல்லை, நான்.

புத்தகப் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹோலில் பாய் விரித்து, கம் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா ஒரு துண்டை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிசாவே போடவேணும்?"

"சின்னனாப் போட்டால் தெரியாதாம்."

"தெரிஞ்சு என்ன செய்யப்போயினம்?" என்றுவிட்டு அம்மா பக்கத்தில் இருந்து துண்டுகளை வெட்டத் தொடங்கினார்.

அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாலைந்து புத்தகம் ஒட்டி முடித்திருப்பேன். எழும்பி வந்தார். பாயில் இருந்தார். நான் ஒட்டியதில் ஒன்றைத் திறந்து பார்த்தார், முகம் சுளித்தார். தபால் கந்தோரில் முப்பது வருசம் முத்திரை ஒட்டின மனிதர்.

"தள்ளு," என்றார். கம்மை விரலில் தொட்டார். "உப்பிடிக் கோணலா ஒட்டாதை. ஒட்டுறதெண்டால் நேரா ஒட்டு."